காதுக்கு ஒரு நடை: வாசகர் கேள்வி பதில்

ஒலிநடை என்பது, பேசாமல், பாட்டு கேட்காமல், ஓர் இடத்தின் ஓசைகளைக் கவனிப்பதற்காகவே மெதுவாக நடப்பது. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தினமும் காலையில் நடக்கிறேன். சத்தமெல்லாம் காதில் விழத்தான் செய்கிறது. இதில் தனியாகக் கற்க என்ன இருக்கிறது? எப்படி ஆரம்பிப்பது?
*– வாசகி, சத்துவாச்சாரி*

இன்று காலை நடந்த வழியில் கேட்ட பத்து ஓசைகளை இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். ஹாரன், நாய், பால்காரர் வண்டி என்று நாலைந்தோடு பேனா நின்றுவிட்டால், கற்க இருக்கிறது என்று அர்த்தம்.

இதை முறையாகத் தொடங்கி வைத்தவர்கள் கனடாக்காரர்கள். 1960-களின் கடைசியில் வான்கூவர் பக்கம் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் ஓர் ஆய்வுக் குழுவைக் கூட்டினார். அந்தக் குழுவில் வேலை செய்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1974-இல் ஒலிநடை பற்றி எழுதினார். ஷேஃபரின் பிறந்தநாளான ஜூலை 18-ஐ உலகக் கேட்டல் நாளாகக் கொண்டாடுகிறார்கள். வரலாறு இவ்வளவு போதும், இனி செய்முறை.

ஒரு கிலோமீட்டர் வழி, முக்கால் மணி நேரம். சாதாரணமாகக் கால் மணியில் முடிகிற தூரம்தான். மீதி நேரம் நிற்பதற்கு. ஹவாய் செருப்பு வேண்டாம், ஒவ்வோர் அடிக்கும் குதிகாலில் 'டப்' என்று அடித்து மற்றதையெல்லாம் மூடிவிடும். பின்பக்கம் வார் வைத்த செருப்போ, மெத்தென்ற அடியுள்ள ஷூவோ சரி. சாவிக்கொத்து, சட்டைப்பைச் சில்லறை, கொலுசு, கண்ணாடி வளையல் ஆகியவற்றை வீட்டில் விடுங்கள். செல்போனை அதிர்விலும் வைக்காமல் முழுதாக அமைதியில் போடுங்கள்.

கிளம்பும் இடத்தில் முதல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மூச்சு, துணி உரசல் என்று உங்கள் உடம்பின் சத்தம் முதலில். பிறகு கை எட்டும் தூரத்தில் உள்ளது. பிறகு தெரு. கடைசியில், கேட்பதிலேயே மிகத் தொலைவான ஓசை எது என்று தேடுங்கள். இந்தக் கடைசி வேலைதான் பலன் தருவது. தொலை ஓசையைப் பிடிக்க முயலும்போது நடுவிலுள்ள பத்து ஓசைகள் தானாக வந்து அகப்படும்.

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'ஆட்டோ' என்று பெயர் வைத்தவுடனே காது வேலையை முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால் பெயரை எழுதாதீர்கள், ஓசையை எழுதுங்கள். நம் மொழியில் அதற்கு இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிறது: சலசல, கிணுகிணு, கடகட, மொறமொற, நறநற. அதில் அடங்காவிட்டால் நீங்களே ஒன்று செய்துகொள்ளலாம். கரும்புச்சாறு மெஷினில் கட்டிய சலங்கைக்கு 'கிணுகிணு' என்று எழுதப்போனவர், கரும்பு உள்ளே போகும் கணத்தில் அது தடுமாறி 'கிண்.. கி.. ணுக்' என்று ஆவதைக் கவனித்தே தீருவார். எழுதுவது நிற்கும் இடங்களில் மட்டும். நடந்துகொண்டே எழுதினால் காது அணைந்துவிடும், கால் பள்ளத்தில் போகும்.

வேலூருக்குள் நல்ல வழி ஒன்று சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் போகலாம்?
*– வாசகர், வேலூர் சைதாப்பேட்டை*

கோட்டையும் லாங்கு பஜாரும் சேர்ந்த வழி. ஞாயிறு விடியற்காலை ஆறு மணி. வெயில் காலத்தில் ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

அகழிக்கரையில் பத்து நிமிடம் தொடங்குங்கள். முதலில் சாலைக்கு முதுகு காட்டி, பிறகு சாலையைப் பார்த்து. அதே பஸ், அதே சத்தம், ஆனால் முகம் திரும்பியதும் அதன் கூர்மை மாறும். காதுமடல் முன்பக்கத்து மேல் சுருதிகளை அள்ளித் தருகிறது, பின்பக்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளங்கைகளைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

அடுத்தது கோட்டை வாயில். நின்று கேட்க வேண்டாம், நடந்தபடியே கேளுங்கள். கருங்கல் சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் சாலை இரைச்சல் பானைக்கு மூடி போட்டது போல அடங்கும். உங்கள் காலடி திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கும். உள்ளே வெட்டவெளிக்கு வந்ததும் அந்தக் காலடியே காணாமல் போகும். ஓசை திரும்பிவர அங்கே பக்கத்தில் சுவர் இல்லை, அவ்வளவுதான். இந்த இடத்தை மட்டும் மூன்று முறை போய்வந்தாலும் தகும்.

பிறகு ஜலகண்டேஸ்வரர் கோயில். நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் கிடந்து, 1981-இல் மறுபடி லிங்கம் வைக்கப்பட்ட கோயில் இது. ஆகவே இங்கே மணியோசை திரும்பி வந்த ஓர் ஓசை. ஓர் ஊருக்கே உரிய ஓசையை ஒலிநடைக்காரர்கள் 'ஒலி அடையாளம்' என்பார்கள். வேலூருக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த மணியைத்தான்.

மணி அடிக்கும்போது அடியைக் கேட்காதீர்கள், அடிக்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள். முதலில் 'ணங்' என்று பல சுருதிகள் ஒன்றாக வெடிக்கும். உயரமானவை ஓரிரு விநாடியில் உதிர்ந்துவிடும். அடியில் ஒரு 'ம்ம்ம்' மிச்சமிருக்கும், அது பெரும்பாலும் சீராக இராது, வீங்கி வீங்கி அடங்கும். வார்த்த மணி எதுவும் கச்சிதமான வட்டமாக இருப்பதில்லை. அதனால் மிக நெருங்கிய இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலித்து ஒன்றை ஒன்று கூட்டியும் குறைத்தும் விடும். விநாடிக்கு இரண்டு முறை வீங்கினால் அந்தச் சுருதிகளுக்கு இடையே இரண்டு ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு இரண்டு அதிர்வு, வித்தியாசம். கருவி எதுவும் வேண்டாம், விரல் விட்டு எண்ணினால் போதும். மண்டபத்தின் எதிரொலிப்பை அறியவும் தனியாக ஏதும் செய்ய வேண்டாம். சிவன் கோயிலில் சண்டிகேஸ்வரர் முன்னால் யாராவது கை தட்டாமலா இருப்பார்கள்?

வெளியே வரும்போது மரங்களுக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காற்றே இல்லை என்று தோன்றும் போதும் அரசமரம் சலசலத்துக்கொண்டிருக்கும், இலைக்காம்பு அவ்வளவு நீளம், மெல்லிசு. கண்ணை மூடினால் தூறல் மாதிரி. புளியமரத்தின் பொடி இலைகள் 'உஸ்' என்று மட்டுமே சொல்லும். ஊருக்கு வெளியே பனை கிடைத்தால் அதன் காய்ந்த ஓலை உரசுவதையும் இவற்றோடு ஒப்பிடுங்கள். பனங்காட்டு நரி அஞ்சாத சலசலப்பு அதுதான்.

அங்கிருந்து லாங்கு பஜார். இங்கே ஓசைகளைப் பிரிக்க முயல வேண்டாம், முதல் தடவை தோற்றுப்போவீர்கள். பேச்சை மட்டும் கேளுங்கள், அதுவும் சொல்லை விட்டுவிட்டு ராகத்தை. சற்று நடப்பதற்குள் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் படும். விலை கேட்கும்போது மூன்றிலும் குரல் எங்கே ஏறுகிறது, பேரம் படியாதபோது எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். சுமை இறக்குபவர்கள் மூட்டையைத் தரையில் போடும் சத்தத்திலிருந்தே அரிசியா, வெங்காயமா, மிளகாயா என்று சொல்லப் பழகலாம். அரிசி 'தொம்' என்று ஒரே துண்டாக விழும், வெங்காயம் விழுந்த பிறகும் உள்ளே உருளும், மிளகாய் மொறுக்கும்.

கோட்டைச் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கை தட்டியே கணக்கிடலாமாமே? நானும் நண்பனும் முயன்றோம், கண்டபடி விடை வந்தது.
*– கல்லூரி மாணவர், காட்பாடி*

ஒரு தட்டு தட்டி, எதிரொலிக்கு ஸ்டாப்வாட்ச் அழுத்தியிருப்பீர்கள். விரல் தாமதமே கால் விநாடி ஆகிவிடும், அதற்குள் ஓசை சுவருக்குப் போய்த் திரும்பிவிடும். இப்படிச் செய்யுங்கள்.

பெரிய சமதளச் சுவருக்கு நேர் எதிரே, குறைந்தது நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள். 17 மீட்டருக்குள் நின்றால் எதிரொலி தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்துக் கேட்க முடியாது. ஒரே சீராகத் தாளம் போடுவது போலத் தட்டிக்கொண்டே, எதிரொலி இரண்டு தட்டுகளுக்குச் சரியாக நடுவில் விழும்வரை வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். தட்டு–எதிரொலி–தட்டு–எதிரொலி என்று ஆதி தாளம் மாதிரி சீராகிவிட்டால் நண்பரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தட்டை 'பூஜ்யம்' என்று எண்ணி இருபது வரை. 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் இடைவெளி குறைந்து கணக்கு பிசகும். உங்களுக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

இருபது இடைவெளிக்கு 12 விநாடி ஆனது என்று வையுங்கள். ஓர் இடைவெளி 0.6 விநாடி, எதிரொலி அதில் பாதி, 0.3 விநாடி. வேலூர் வெயிலில், 30 டிகிரி வாக்கில், ஓசை விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 350 × 0.3 = 105; போய்வந்த தூரம் அது, பாதியாக்கினால் 52.5 மீட்டர். பள்ளிப் புத்தகத்து 340-ஐப் போட்டால் ஒன்றரை மீட்டர் குறையும். சுவருக்கு முன்னால் மரம், வண்டி இருந்தால் எதிரொலி கலங்கும், இடத்தை மாற்றுங்கள். கை தட்டுவதைவிட இரண்டு கட்டைகளைத் தட்டினால் ஓசை கூர்மையாக இருக்கும்.

மார்கழி விடியலில் ரயில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வருவது போலக் கேட்கிறது. மதியத்தில் அதே ரயில் போவதே தெரிவதில்லை. காது கோளாறா?
*– வாசகர், விருதம்பட்டு*

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை, காற்றின் வேலை. ஓசை சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்ததில் மெதுவாகவும் போகும். ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் வித்தியாசம். தெளிந்த வானமுள்ள இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே உள்ள காற்று அதைவிடச் சூடாக இருக்கும். மேல்நோக்கிக் கிளம்பிய ஓசையும் வளைந்து கீழே இறங்கிவிடும். மதியத்தில் தலைகீழ். தரை கொதிக்கிறது, ஓசை மேலே வளைந்து உங்கள் தலைக்கு மேல் போய்விடுகிறது. அதோடு, விடியலில் அதை மறைக்க லாரியும் மிக்ஸியும் இல்லை. காற்று ரயில் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசுகிற நாளிலும் இதே போல நெருங்கிக் கேட்கும்.

இன்னொரு சுவை. நிற்காமல் போகும் ரயில் ஹாரன் அடித்தபடியே உங்களைத் தாண்டினால் அதன் சுருதி சட்டென்று இறங்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் என்றால் இறக்கம் இரண்டரை அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும், கருப்போ வெள்ளையோ, அதை அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளிதான் ஓர் அரைச்சுரம்). சதுஸ்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குவதைவிட ஒரு இழை கூடுதல். காட்பாடி ஜங்ஷனுக்கு வரும் ரயில்களில் பெரும்பாலானவை வேகம் குறைத்துக்கொண்டுதான் வரும், அங்கே இது கிடைக்காது. ஸ்டேஷனை விட்டுத் தள்ளி, பாதை நேராக ஓடும் இடத்தில், தண்டவாளத்துக்கு வெகு தொலைவில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேளுங்கள்.

ஏழாம் வகுப்பு, முப்பது பிள்ளைகள். வெளியே கூட்டிப்போனால் அவர்கள் சத்தம்தான் கேட்கும். எப்படிச் சமாளிப்பது?
*– ஆசிரியை, குடியாத்தம்*

முப்பது பேர் ஒன்றாக வேண்டாம். பத்துப் பத்தாக மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர், இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல். 'பேசாதே' என்று சொல்வதால் பயன் இல்லை, வேலை கொடுத்தால் வாய் தானாக மூடும்.

கால்வாசித் தாள், பென்சில். நடுவில் ஒரு பெருக்கல் குறி, அதுதான் அந்தப் பிள்ளை. தாளின் மேல்பக்கம் எதைப் பார்க்கிறது என்று எல்லோருக்கும் ஒன்றையே சொல்லுங்கள், பள்ளி வாசல் என்று வையுங்களேன். ஓசை வந்த திசையிலும் தூரத்திலும் ஒரு குறி போட வேண்டும். படம் கூடாது, காக்கையை வரைய உட்கார்ந்தால் ஐந்து நிமிடமும் காக்கைக்கே போய்விடும். நகரும் ஓசைக்கு அம்பு. ஐந்து நிமிடம் முடிந்ததும் இருவர் இருவராகத் தாளை ஒப்பிடச் சொல்லுங்கள். 'எனக்கு இருபது, உனக்குப் பத்து' என்று எண்ணிக்கைச் சண்டை வரும். அதைத் தடுக்க, ஒவ்வொருவரும் ஒரே ஓர் ஓசையைத் தேர்ந்து வாயால் செய்துகாட்ட, மற்றவர்கள் தங்கள் தாளில் அது எங்கே என்று விரல் வைக்க வேண்டும்.

சிலருக்கு முன்பக்க ஓசை பின்பக்கம் குறிக்கப்பட்டிருக்கும். தப்பு என்று அடிக்காதீர்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் ஓசை வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசை அறிகிறது. அது அதிகபட்சம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நேர் முன்னும் நேர் பின்னும் அந்த வித்தியாசம் பூஜ்யம், அதனால் குழப்பம். தலையைச் சற்றுத் திருப்பச் சொன்னால் தீர்ந்தது.

உங்கள் ஊரில் தறிச்சத்தம் இருக்கும்போது வேறு எங்கும் அலைய வேண்டாம். கைத்தறியில் ஓர் இழை போடுவதற்குள் மூன்று ஓசை வரும்: மிதி அழுத்தும் 'டக்', குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா ஓடும் 'சரட்', இழையை இறுக்கும் அடி. மூன்றையும் பிரித்துக் கேட்டபின் பிள்ளைகளைத் தொடையில் தாளம் போடச் சொல்லுங்கள். நெய்கிறவர் களைத்தால் அடி அப்படியே இருக்கும், நடுவிலுள்ள இடைவெளிதான் நீளும். விசைத்தறியில் மூன்றும் குழம்பி ஒரே தடதடப்பாகிவிடும். அந்தக் கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் பிள்ளைகளை உள்ளே நிறுத்தாதீர்கள், தெருவிலிருந்து கேட்டால் போதும்.

ஹெட்போனில் மெல்லிய இசை வைத்துக்கொண்டு ஒலிநடை போகலாமா?
*– வாசகர், ஆற்காடு*

போகலாம். நடை மட்டும் நடந்திருக்கும்.

வயது அறுபத்தெட்டு. வலது காது மந்தம், இடது காதில் கருவி மாட்டியிருக்கிறேன். எனக்கு இது பயன்படுமா?
*– ஓய்வுபெற்றவர், ராணிப்பேட்டை*

பயன்படும், சில மாற்றங்களோடு. வயதாகும்போது முதலில் போவது உயர்ந்த சுருதிகள். தேன்சிட்டின் கீச்சு, சிள்வண்டு ஆகியவை தேயும். செம்போத்தின் 'ஊப் ஊப்' நன்றாகக் கேட்கும். ஆகவே கீழ்ச்சுருதிகளில் தொடங்குங்கள். இரண்டு காதும் சமமாக இல்லாதபோது திசை பிடிபடாது, ஓசை எப்போதும் இடப்பக்கமிருந்து வருவதாகத் தோன்றும். தலையை மெதுவாக அரைவட்டம் திருப்பி, எங்கே பலக்கிறது என்று பாருங்கள். வாகனம் உள்ள சாலையைத் தனியாகக் கடக்கும் வழி உங்களுக்கு வேண்டாம், பூங்கா போதும்.

இன்றைய கருவிகள் பேச்சைத் தூக்கி மற்றதை அமுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். இலைச் சலசலப்பை அது 'இரைச்சல்' என்று வெட்டிவிடும். இசை கேட்பதற்கான தனி அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றித் தரும்படி காது பரிசோதகரிடம் கேளுங்கள். கருவியின் மைக்கில் காற்று நேராக அடித்தால் 'புர்ர்' என்று வரும், பருத்தித் துணியைக் காதோடு சேர்த்து லேசாகக் கட்டினால் குறையும்.

குக்குறுவான் பறவை மட்டும் நல்ல காது உள்ளவர்களையும் ஏமாற்றும். செம்பைத் தட்டுவது போல நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேல் 'டுக் டுக்' என்று விடாமல் தட்டும், தட்டும்போதே தலையைத் திருப்பும். மரத்தில் இடம் மாறி மாறி உட்கார்ந்ததாக நாம் நினைப்போம். அதைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று உங்கள் கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

செல்போனில் பதிவு செய்தால் வெறும் 'ஹோ'வென்ற இரைச்சல். எங்கே தப்பு?
*– வாசகி, வாலாஜாபேட்டை*

மூன்றில் ஒன்று. முதலாவது காற்று. செல்போன் மைக் அடிப்பக்கம் ஒரு பொட்டுத் துளை. இளங்காற்றே அதற்குப் புயல். சுத்தமான தடித்த காலுறைக்குள் போனைப் போட்டுப் பதிவு செய்யுங்கள், அல்லது உங்கள் உடம்பைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்துங்கள். இரண்டாவது கை. விரல் நகர்ந்தால் இடி இடிக்கும். மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். மூன்றாவது, அமைதியான இடத்தில் போன் தானாகவே ஒலியளவைத் தூக்கும் வழக்கம். அதுதான் உங்கள் 'ஹோ'. அளவைக் கையால் வைக்கவிடும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டு, பெரிய சத்தம் வரும்போதும் செயலியின் ஒலிமானி −12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள் (அந்த மானியில் பூஜ்யம்தான் உச்சம், அதற்குக் கீழே எண்ணுவார்கள்).

எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள். ஸ்டீரியோவில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். பறக்கும் பயன்முறையில் போடுங்கள். தொடக்கத்தில் தேதி, நேரம், இடம் மூன்றையும் வாயால் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்து அதன் அருமை தெரியும். ஒரே இடத்தில் குறைந்தது மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். பிறர் பேச்சு விழுந்திருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மருத்துவமனைச் சாலையில் நடக்கவே முடியவில்லை, அவ்வளவு ஹாரன். சட்டம் ஏதும் இல்லையா? செயலியில் அளந்து புகார் தரலாமா?
*– வாசகர், தோட்டப்பாளையம்*

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே 50, 40. காலை 6 முதல் இரவு 10 வரை பகல். அமைதி மண்டலத்தில் ஆபத்து நேரம் தவிர ஹாரன் அடிக்கவே கூடாது. செயலியின் எண் தரப்படுத்தப்படாதது, போனுக்குப் போன் மாறும். ஒரே போனில் இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் உதவும். புகாரில் அந்த எண்ணைவிட, எந்த இடம், எந்த நேரம், பத்து நிமிடத்தில் எத்தனை ஹாரன் என்ற கணக்கு எடுபடும்.

மாமியார் படுக்கையில் இருக்கிறார். நடக்க வெளியே போக முடியாது. வீட்டுக்குள்ளேயே பழக ஏதாவது உண்டா?
*– வாசகி, ஆம்பூர்*

குழாயடியும் அடுப்படியும் உங்களுக்குப் போதும். ஆற்றிய டீயையும் கொதிக்கும் டீயையும் ஒரே உயரத்திலிருந்து ஊற்றிக் கேளுங்கள். சூடானது சற்று மந்தமாக விழும். கடுகு வெடிப்பதில் முதல் வெடிக்கும் கடைசி வெடிக்கும் நடுவே எப்போது கறிவேப்பிலை போடுகிறீர்கள் என்று கவனியுங்கள், கண்ணுக்கு முன்பே காது சொல்லியிருக்கும்.

நல்ல பயிற்சி குடம். தண்ணீர் ஏற ஏற உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து சுருதி உயரும். அடியில் 'டொபடொப', வயிற்றில் 'குளுகுளு', கழுத்துக்கு வந்ததும் இடம் குறுகுவதால் மடமடவென்று 'கீ' என்று ஏறிவிடும். அதே எவர்சில்வர் குடத்தை வெளியே விரலால் தட்டினால் நேர்மாறு, நிறைய நிறைய சுருதி இறங்கும். ஜலதரங்கக் கிண்ணம் மாதிரி, தண்ணீரின் பாரம் சுவரை மெதுவாக அதிரவைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, வழிவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது குழாயை மூட முடிகிறதா பாருங்கள். முதல் சில நாள் தரை நனையும், பழைய துணி ஒன்று கீழே போட்டுக்கொள்ளுங்கள்.